புதுக்குதிரைக்கு வயது என்ன?

காரைக்காலிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், அறுபதாம் கல்யாணத்துக்குப் பெயர்பெற்ற திருக்கடையூரில், ஆண்டுதோறும் காணும் பொங்கலன்று நடைபெறும் ரேக்ளா பந்தயம், மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் தனித்தனி ஓட்டங்கள் கொண்டது; காவிரிப் படுகையின் கடலோரத்தில் அதிகம் பேசப்படும் பந்தயங்களுள் ஒன்று. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டங்களின் வண்டிகளோடு, புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் தனித்துண்டாகத் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே கிடக்கும் காரைக்காலின் வண்டிகளும் நண்டலாற்றைக் கடந்து அங்கு வந்து சேருகின்றன. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கும், டேனியரின் கோட்டை நிற்கும் தரங்கம்பாடிக்கும், அபிராமியின் திருக்கடையூருக்கும் ஆட்சி வரலாறு வேறு வேறு என்றாலும், பொங்கல் முடிந்த கையோடு வண்டி பூட்டும் பழக்கம் ஒன்றே.

ரேக்ளா என்பது சுமை ஏற்றும் வண்டி அன்று. எடை குறைந்த சட்டம், இரண்டு சக்கரம், சாரதி அமர ஒரு சிறு பலகை ஆகியவற்றோடு ஓட்டத்துக்கென்றே செய்யப்படுவது. கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளில் 200 மீட்டர், 300 மீட்டர் என்ற குறுகிய தூரத்துக்கு ஒவ்வொரு வண்டியாக விட்டு விநாடிக் கணக்கில் வெற்றியைத் தீர்மானிப்பார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சைப் பகுதிகளின் வழக்கமோ நேர்மாறானது: வண்டிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, சாலையில் குறித்த ஓர் எல்லை வரை சென்று, அங்கே திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர வேண்டும். தூரத்தை இன்னும் மைலில்தான் சொல்கிறார்கள். பெரிய மாட்டுக்குப் போய்வர எட்டு மைல், அதற்கடுத்த பிரிவுகளுக்குப் படிப்படியாகக் குறைவு என்பது விளம்பர நோட்டீஸ்களில் காணும் முறை. முந்தி வந்த வண்டியின் உரிமையாளருக்குப் பணமும் கோப்பையும் கிடைக்க, வண்டியை ஓட்டிய சாரதிக்குக் கொடிப் பரிசு என்ற தனி மரியாதை உண்டு.

இந்தப் பந்தயங்களின் பிரிவுகளில்தான் வெளியுலகம் கவனிக்கத் தவறிய ஒரு நுட்பம் இருக்கிறது. மாடுகளில் பெரிய மாடு, நடுமாடு, சிறிய மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு எனப் பிரிப்பதைப் போல, குதிரைகளிலும் பெரிய குதிரை, நடுக்குதிரை, கரிச்சான் குதிரை என்ற பிரிவுகள் உள்ளன. இவை யாவும் உருவத்தை அளவாகக் கொண்டவை. இவற்றோடு புதுக்குதிரை என்று ஒரு பிரிவும் பல ஊர்களில் வைக்கப்படுகிறது. அது உருவத்தை அன்று, அனுபவத்தைப் பார்ப்பது. பந்தயச் சாலைக்குப் புதிதாக வந்த குதிரை, பல ஆண்டுகள் ஓடிப் பழகிய குதிரையோடு மோதித் தோற்று மனம் ஒடிந்துவிடாமல், தன்னைப் போன்ற புதியவற்றோடு ஓடிப் பழகட்டும் என்பதே அதன் உட்கருத்தாக இருக்க முடியும். உலகின் மிகப் பெரிய வண்டிக்குதிரைப் பந்தயங்கள் எந்த அடிப்படையில் நிற்கின்றனவோ, அதே அடிப்படையின் பாதியை டெல்டாவின் விழாக் குழுக்கள் எந்த விதிப்புத்தகமும் இல்லாமல் தாமாகவே கண்டடைந்திருக்கின்றன. விடுபட்டுப்போன மறுபாதி, வயது.

அந்த மறுபாதி என்ன செய்யும் என்பதைக் காட்டும் சிறந்த சான்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டெலவேர் என்னும் சிற்றூரில் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் செப்டம்பரில், மாவட்ட வேளாண் கண்காட்சியின் ஒரு பகுதியாக, 'லிட்டில் பிரவுன் ஜக்' என்னும் பந்தயம் 1946 முதல் நடந்துவருகிறது. 1880களின் தொடக்கத்தில் புகழ்பெற்றிருந்த ஒரு குதிரையின் பெயரே பந்தயத்துக்கு வைக்கப்பட்டது. அரை மைல் சுற்றளவுள்ள வட்டப் பாதை, ஊரார் முன்கூட்டியே வேலியோரம் கட்டிவைக்கும் நாற்காலிகள், பக்கத்திலேயே ஆடுமாடுகளின் காட்சி என்று அது நம் ஊர்ச் சந்தைத் திருவிழாவுக்கு நெருக்கமானது. ஆயினும் அதில் ஓடும் குதிரைகள் அனைத்தும் சரியாக மூன்று வயதுடையவை, ஒரே இனத்தவை, ஒரே நடை உடையவை. நெடுங்காலமாகத் தகுதிச் சுற்றும் இறுதிச் சுற்றும் ஒரே நாளில் நடத்தப்பட்டதால், வெல்லும் குதிரை ஒரு பிற்பகலில் இருமுறை மைல் தூரம் ஓடித் தன் வலிமையைக் காட்ட வேண்டியிருந்தது.

நடை என்று இங்கே சொல்வதைச் சற்று விளக்க வேண்டும். குதிரை நடக்கும்போதும் பாய்ந்தோடும்போதும் கால்களை வைக்கும் முறை வேறு. இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில் பெரும்பாலான குதிரைகள் வலது முன்காலையும் இடது பின்காலையும் ஒன்றாகவும், இடது முன்காலையும் வலது பின்காலையும் ஒன்றாகவும் எடுத்து வைக்கின்றன. அதுவே டிராட் எனப்படும் குறுக்கு நடை. சில குதிரைகளோ ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்து வீசி, ஒட்டகம் போல் பக்கவாட்டில் லேசாக அசைந்து செல்லும்; அது பேஸ் எனப்படும் பக்க நடை, அந்த நடையில் ஓடுபவை பேசர்கள். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் 'ரேவால்' என்று கொண்டாடப்படுவதும் குறுக்கு நடையிலிருந்து விலகிய ஒரு நடைதான்; மேலிருப்பவரின் உடல் குலுங்காத சவாரிக்காக மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் அதில் பழக்கப்படுகின்றன. இந்த நடைகள் பழக்கத்தால் மட்டும் வருவன அல்ல என்பதை ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் 'நேச்சர்' இதழில் நிறுவினார்கள்: டிஎம்ஆர்டி3 என்னும் மரபணுவில் ஓரிடத்தில் நிகழ்ந்த மாற்றம், முதுகுத்தண்டில் கால்களை ஒருங்கிணைக்கும் நரம்பணுக்களின் அமைப்பை மாற்றிவிடுகிறது, அம்மாற்றத்தைத் தாங்கிய குதிரை வேகம் கூடிய பின்னும் பாய்ச்சலுக்குத் தாவாமல் தன் நடையிலேயே நிற்க முடிகிறது.

பாய்ச்சலுக்குத் தாவாமல் நிற்பதே வண்டிக்குதிரைப் பந்தயத்தின் உயிர். அமெரிக்க விதிப்படி ஓட்டத்தின் நடுவே நடையை உடைத்துப் பாயத் தொடங்கிய குதிரையைச் சாரதி உடனே இழுத்துப் பிடித்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்றவை முந்திவிடும். பேசர்கள் நடை மாறாமலிருக்க ஹாப்பிள் என்ற வார் பூட்டப்படுகிறது. ஒரே பக்கத்து முன்கால், பின்கால் ஒவ்வொன்றையும் முழங்காலுக்கு மேலே வளையமாகச் சுற்றி, அவ்விரு வளையங்களையும் வயிற்றுக்கடியில் ஒரு பட்டையால் இணைத்து, கீழே நழுவாதபடி முதுகின் சேணத்திலிருந்து தொங்கவிடுவார்கள். ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்தே போக வேண்டியிருப்பதால் குறுக்கு நடைக்கு வழி அடைபடுகிறது. வாரின் நீளம் ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் குதிரையின் எட்டு மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு குதிரைக்கும் உரிய நீளத்தைப் பயிற்சியாளர் தனியே குறித்து வைத்திருப்பார். பின்னே அமைந்த சல்கி என்னும் வண்டி நம் ரேக்ளாவின் தூரத்து உறவு; 1892இல் மரச்சக்கரத்தை விட்டு, மிதிவண்டியைப் போலக் காற்றடைத்த டயர் பூட்டியபோது, நான்சி ஹாங்ஸ் என்னும் பெண்குதிரை அதே ஆண்டில் ஒரு மைலை 2 நிமிடம் 4 விநாடியில் கடந்து பழைய அளவுகளையெல்லாம் முறித்தது.

இந்தக் குதிரைகளின் இனப்பெயர் ஸ்டாண்டர்டுபிரெட். அரேபியக் குதிரைக்கு ஒரு பாலைவனமும் மார்வாரிக் குதிரைக்கு ஒரு மண்ணும் உண்டு. ஸ்டாண்டர்டுபிரெட்டுக்கு அப்படி எதுவும் இல்லை, அதன் பிறப்பிடம் ஒரு பேரேடு என்று சொன்னால் மிகையாகாது. 1788இல் இங்கிலாந்திலிருந்து பிலடெல்பியாவில் வந்திறங்கிய மெசஞ்சர் என்னும் ஆண்குதிரையின் வழியில் 1849இல் பிறந்த ஹாம்பில்டோனியன் இந்த இனத்தின் பெருந்தந்தை. ஆனால் இனத்தை இனமாக்கியது 1879இல் அமெரிக்க வளர்ப்போர் சங்கம் வகுத்த அளவுகோல். குறுக்கு நடையில் ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடிக்காட்டிய குதிரையும், அப்படிப்பட்டவற்றை ஈன்றதாகப் பதிவில் நிறுவப்பட்ட குதிரையும் பேரேட்டில் ஏறலாம். மற்றவை, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஏற முடியாது. நிறம், சுழி, உயரம், பெரிய வீட்டுக் குதிரை என்ற பெருமை ஒன்றும் கணக்கில் வரவில்லை. அந்த ஒற்றைக் கோட்டைத் தாண்டியவற்றுக்குள்ளேயே இணைசேர்த்துக்கொண்டு போனதன் பலனைக் காலக்குறிப்புகளே சொல்கின்றன: 1980இல் நயட்ராஸ் என்னும் பேசர் ஒரு மைலை 1 நிமிடம் 49.2 விநாடியில் ஓடியது. 2022 ஜூலையில் நியூ ஜெர்சியின் மெடோலாண்ட்ஸ் திடலில் புல்டாக் ஹானோவர் 1 நிமிடம் 45.8 விநாடியில் முடித்தது. 143 ஆண்டுகளில் 44 விநாடிக்கு மேல் குறைந்திருக்கிறது. திடலும் வண்டியும் தீவனமும் மேம்பட்டது இதில் ஒரு பங்கு; எந்தக் குதிரை எந்த நாளில் எந்தப் பாதையில் எத்தனை விநாடியில் ஓடியது என்று ஒன்றுவிடாமல் எழுதிவைத்தது அதைவிடப் பெரிய பங்கு.

காரைக்கால் வாசகருக்கு இவ்விடத்தில் பிரான்சின் நினைவு வருவது இயல்பு. 1836இல் செர்பூரில் முதல் பந்தயம் நடந்த நாளிலிருந்து குறுக்கு நடை ஓட்டத்தில் பிரான்ஸ் முன்னணி நாடு. பாரீஸின் வின்சென் திடலில் 1920இல் தொடங்கிய 'பிரி தமெரிக்' இன்றும் அந்த விளையாட்டின் உச்சம். காரைக்காலை 200 ஆண்டுக்கு மேல் ஆண்டவர்களின் நாட்டு விளையாட்டின் சாயல் எதுவும் இன்றைய டெல்டா ரேக்ளாவில் தென்படவில்லை. இது அரண்மனையிலோ ஆளுநர் மாளிகையிலோ பிறந்தது அன்று, தெருவில் பிறந்தது.

அத்தெருவின் வரலாறு இரு அடுக்குகளைக் கொண்டது. குதிரை இந்தக் கரையில் பிறந்த விலங்கு அன்று, கடல்வழி வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தின் துறையில் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளின் வணிகர்கள் ஆண்டுதோறும் கொண்டுவந்து விற்கும் குதிரைகள் இங்கே வேகவைத்த சோறும் இறைச்சியும் தின்று, பராமரிப்புத் தெரிந்தோர் இல்லாமல் மடிவதாகவும், அதனாலேயே அடுத்த ஆண்டும் அத்தனை குதிரைகள் வாங்கப்படுவதாகவும் எழுதியிருக்கிறார். வெனிஸ் வணிகரின் இந்தப் பேச்சில் மிகை இருக்கலாம். எனினும் ஈரம் மிகுந்த நெல்வயல் நாட்டில் குதிரை வளர்ப்பது செலவுபிடித்த வேலை என்பதில் மிகை இல்லை. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் நகுலன் பெயரில் வழங்கும் அசுவசாத்திரத்தை 1952இல் பதிப்பித்தது, அரண்மனை வட்டாரத்தில் அந்த அறிவு ஏட்டில் காக்கப்பட்டதற்குச் சான்று.

மற்றோர் அடுக்கு அண்மைக் காலத்தது, பந்தயத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. பேரளம் - காரைக்கால் ரயில் பாதை 1898இல் திறக்கப்பட்ட காலம் தொட்டு ஆட்டோ ரிக்‌ஷா வரும் வரை, ரயில் நிலையங்களிலிருந்து ஊருக்குள்ளும் கோயில்களுக்கும் மக்களைக் கொண்டுசேர்த்தவை ஜட்கா என்னும் ஒற்றைக் குதிரை வண்டிகள். அவற்றை இழுத்தவை நாட்டு மட்டக்குதிரைகள். கொள்ளும் புல்லும் தின்று, தார்ச்சாலையில் லாடம் தேய ஓடிப் பழகியவை. பிழைப்புக்கான குதிரை மறைந்தபின், பந்தயத்துக்கான குதிரை மட்டும் மிஞ்சியது. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எஞ்சியிருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சுமார் 3.4 லட்சம், ஏழு ஆண்டுகளில் 45 விழுக்காட்டுக்கு மேல் சரிவு. மார்வாரி, கத்தியவாரி, மணிப்புரி, ஸ்பிதி என நீளும் பதிவுபெற்ற நாட்டுக் குதிரை இனங்களின் பட்டியலில் தமிழகத்துக்கென்று ஓர் இனம் இல்லை.

ஆகவே டெல்டாவில் பந்தயக் குதிரை வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை, தென்னிந்தியக் குதிரைப் பிரியர்கள் பல மாநிலங்களிலிருந்தும் கூடுமிடம். மார்வாரி, கத்தியவாரி, நொக்ரா என்று பல வகைகள் அங்கே கைமாறும். வாங்குவோர் பார்ப்பது பெரும்பாலும் சுழி. நெற்றியில், கழுத்தில், மார்பில், விலாவில் மயிர் சுழன்றிருக்கும் இடங்களை விரலால் தடவி, இது குடும்பத்துக்கு ஆகும், இது ஆகாது என்று தீர்ப்புச் சொல்வோருக்கு அங்கே பெரும் மதிப்பு. சுழியில் பிழை கண்டால் ஓட்டத்தில் சிறந்த குதிரையும் விலை போகாது. நல்ல சுழி இருந்தால் கால் மூட்டில் வீக்கம் உள்ளதும் நல்ல விலைக்குப் போய்விடும். இந்த நம்பிக்கையைக் கேலி செய்வதில் பயனில்லை. ஆனால் சுழிக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை வாயைத் திறந்து பார்ப்பதற்குக் கொடுத்தால் குதிரைக்கு நன்மை உண்டு.

குதிரையின் வயதுச் சான்றிதழ் அதன் கீழ்த்தாடையிலேயே இருக்கிறது. கீழுதட்டை விலக்கினால் முன்வரிசையில் ஆறு வெட்டுப்பற்கள் தெரியும். பால்பற்கள் சிறியவை, பால்வெண்மை நிறமுடையவை, ஈறோடு சேருமிடத்தில் இடுங்கிக் கழுத்துப் போல் தோன்றுபவை. நிலைப்பற்கள் அகலமானவை, மஞ்சள் பாய்ந்தவை, நேராக இறங்குபவை. நடுவிலுள்ள இரண்டும் ஏறத்தாழ இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும். அவற்றை ஒட்டிய இரண்டு மூன்றரையில். கடைசி ஓரப்பற்கள் நாலரையில். ஆகவே நடுப்பல் இன்னும் பால்பல்லாக இருக்கும் குதிரைக்கு மூன்று வயது நிரம்பவில்லை என்பதை அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். மாட்டின் பல்லைப் பார்த்து இரண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் டெல்டா விவசாயிக்கு இது பெரிய வித்தை ஆகாது.

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? குதிரையின் கால் எலும்புகள் கீழிருந்து மேலாக முற்றுகின்றன. குளம்புக்கு மேலுள்ள சிறு எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு நீளம் கூடுவதற்கென முனையில் இருக்கும் குருத்தெலும்புப் படலங்கள், முதல் ஆண்டிலேயே இறுகிவிடும். முன்கால் முட்டிக்கு மேலுள்ளவை இரண்டு முதல் இரண்டரை வயதில்தான் இறுகும். முதுகெலும்புத் தொடர் முழுமையடைய ஐந்து வயதுக்கு மேலாகும். இளங்குதிரையை ஓடவே விடக்கூடாது என்பது இதன் பொருளன்று. சிறு வயதில் அளவாக ஓடி விளையாடும் குதிரைக்கு எலும்பும் தசைநாணும் வலுப்படுகின்றன என்றே ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்கர்கள் இரண்டு வயதிலேயே பந்தயத்துக்குக் கொண்டுவருகிறார்கள், அதன்மீது அங்கே கண்டனமும் உண்டு. ஆனால் அந்த இரண்டு வயதுக் குதிரை ஓடுவது ஒரு மைல். நொறுக்கிய கல்தூள் பரப்பிச் சமன்செய்த பாதையில். பணம் கட்டும் பந்தயத்துக்கு முன் பணமில்லாத் தகுதி ஓட்டம் ஒன்றில் தேறிய பிறகு. இறக்கை விரித்த வாயில்போன்ற தடுப்பைச் சுமந்த ஊர்தியின் பின்னே சீராக வேகம் கூட்டியபடி. டெல்டாவில் புதுக்குதிரை ஓடுவது பல மைல், கெட்டித் தாரில், இருபுறமும் இருசக்கர வாகனங்கள் அலறிக்கொண்டு கூடவே வர.

புதுக்குதிரைப் பிரிவின் ஓட்டை இங்கேதான் வெளிப்படுகிறது. ஐந்து வயதில் வாங்கி அந்த ஆண்டு முதன்முதலாகப் பூட்டிய முற்றிய குதிரையும் அங்கே புதுக்குதிரையே. நடுப்பல் முளைக்காத குட்டியும் புதுக்குதிரையே. பிந்தியது முந்தியதைத் துரத்திக்கொண்டு ஓடும்போது அதன் எலும்புக்குத் தான் இறுகியது போதாது என்று சொல்ல வழியில்லை. எல்லையில் வண்டி திரும்பும் இடம் இன்னும் கடினமானது. நேர்ச்சாலையில் நாலு கால்களும் பகிர்ந்துகொண்ட பாரம், குறுகிய தார்ச்சாலையில் வண்டியோடு அரைவட்டம் அடிக்கும் அந்தச் சில விநாடிகளில் ஒரு பக்கத்துக் கால்களின் மீது, குறிப்பாக முன்கால் முட்டியிலும் கணுவிலும், முறுக்கிக்கொண்டு இறங்குகிறது. உள்பக்கச் சக்கரம் நின்றுவிட, வெளிச்சக்கரம் சுழல, லாடம் தாரில் வழுக்கும். தேர்ந்த சாரதி அங்கே வேகத்தைக் குறைத்து நடைக்குக் கொண்டுவந்து திருப்புவான். பின்னால் இன்னொரு வண்டி நெருங்கி வரும்போது அந்தப் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை.

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. ரேக்ளா என்றதும் பலருக்கும் ஜல்லிக்கட்டு வழக்கே நினைவுக்கு வரும்: 2011 ஜூலையில் மத்திய அரசு காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது, 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017 ஜனவரியில் தமிழ்நாடு தன் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது, 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. அந்தத் திருத்தம் தமிழ்நாட்டுக்கு உரியது. காரைக்கால் எல்லைக்குள் அது செல்லாது. குதிரையோ அந்தத் தடைப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. அதற்குப் பொருந்துவது 2001ஆம் ஆண்டின் காட்சி விலங்குகள் பதிவு விதிகள். பொதுமக்கள் அனுமதிக்கப்படும் குதிரை நிகழ்ச்சியும் அவ்விதிகளின் வரையறைக்குள் வருவதால், ஓடும் குதிரையை விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும். கடினத் தரையில் லாடமின்றி நடத்தக் கூடாது, அதிர்ச்சியை உள்வாங்கும் மெத்தைவைத்த சவுக்கைத் தவிர வேறொன்றும் கூடாது, அதையும் ஓர் ஓட்டத்தில் மூன்று முறைக்கு மேல் வீசக் கூடாது என்பனவும் அவ்விதிகளில் உள்ளன. இழுவை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளோ முள் பதித்த குச்சியையும் முள் பதித்த கடிவாளத்தையும் முற்றாகத் தடுக்கின்றன. மாட்டுக்காக மாநிலமே எழுந்து நின்ற காலத்தில், குதிரைக்கென ஏற்கெனவே இருந்த இந்த விதிகளை விழா மேடைகளில் எவரும் வாசித்துக் காட்டவில்லை.

பந்தயத்தையே நிறுத்த வேண்டும் என்பவர்களின் வாதமும், பாரம்பரியத்தில் கைவைக்காதே என்பவர்களின் வாதமும் பலமுறை கேட்டுச் சலித்தவை. முன்னவர்கள், பந்தயம் நின்றுபோனால் டெல்டாவில் குதிரை வளர்ப்பதற்கு வேறு காரணமே இல்லை என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. பின்னவர்கள் சொல்லும் பாரம்பரியத்திலோ, சென்ற ஆண்டு புதுக்குதிரையில் முந்தி வந்த குதிரை எது, அது எத்தனை நிமிடத்தில் வந்தது, அதன் தாய் எது, இன்று அது எங்கே நிற்கிறது என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை. கோப்பைகள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஓட்டத்தின் காலம் எங்கும் இல்லை. எழுதிவைக்காத வேகத்திலிருந்து எந்த இனமும் பிறக்காது. ஆண்டுதோறும் அந்தியூரில் பணம் கொட்டி வடநாட்டுக் குதிரை வாங்குவதும், அது நொண்டியபின் விற்றுவிட்டு மீண்டும் வாங்குவதும், மார்க்கோ போலோ பார்த்த வியாபாரத்தின் தொடர்ச்சியே.

மாற்றத்துக்கு வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. அமெரிக்காவில் பந்தயக் குதிரையின் உதட்டின் உட்புறத்தில் முன்பு எண்ணைப் பச்சை குத்தினார்கள், பிறகு கழுத்தில் உறைகுளிர் முத்திரை இட்டார்கள், இப்போது தோலுக்கடியில் மின்னணுச் சில்லு வைக்கிறார்கள்; ஒரு குதிரையின் பெயரில் இன்னொன்று ஓடாமலிருக்கவும், பிறந்த ஆண்டு மாறாமலிருக்கவும் அது போதும். புதுச்சேரி குரும்பாப்பேட்டையிலும் தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பந்தயத்துக்கு முந்தைய நாள் பல் பார்க்கவும் கால் தடவிப் பார்க்கவும் இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் வந்தால் முடிந்துவிடும் வேலை இது. திருக்கடையூர் போன்ற பெரிய பந்தயத்தில் பழைய வழக்கத்தை ஒரே ஆண்டில் மாற்றுவது விழாக் குழுவுக்கு எளிதன்று. நூற்றுக்கணக்கான உரிமையாளர்களின் மனம் கோணாமல் நடத்த வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு. காரைக்காலின் நிலை வேறு. பொங்கலையொட்டி அரசே நடத்தும் கார்னிவல் அங்கே இருக்கிறது, நிர்வாகம் ஒரே கையில் இருக்கிறது, மாவட்டம் சிறியது.

அந்த விழாவில் புதுக்குதிரைக்கென ஓர் ஓட்டத்தை வைத்து, மூன்று வயது நிரம்பியது என்று பல் பார்த்துச் சான்று பெற்ற குதிரைகளை மட்டும் அனுமதித்து, தூரத்தைப் போய்வர இரண்டு மைலுக்குள் நிறுத்தி, திரும்பும் இடத்தில் ஒரு வண்டி மணல் கொட்டி, முந்தி வந்ததற்கு மட்டுமல்லாமல் ஓடிய ஒவ்வொரு குதிரைக்கும் பெயர், வயது, அடையாளம், ஓடிய நேரம் ஆகியவற்றை ஒரு பேரேட்டில் மாவட்ட நிர்வாகம் எழுதத் தொடங்கட்டும். உரிமையாளர்களும் தங்கள் பங்குக்கு, அடுத்த ஆடியில் அந்தியூருக்குப் போகும்போது சுழி பார்ப்பதற்கு முன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும்.